வெளுக்கும் முகம்

ஜூலை 9
நானும் வீட்டுக்காரரும் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். போன வருஷம் உள்ளங்காலில் வெட்டி எடுத்த கருப்புப் புற்று தொடை இடுக்கில் மறுபடி வந்திருக்கிறது. அதில் ஒரு துண்டெடுத்து எனக்கென்றே ஒரு தடுப்பூசி செய்வார்களாம். ஆராய்ச்சிதான். டாக்டர் ஸ்ரீதேவி சொன்னார்: "எழுபத்தோரு வயசும்மா. வயசான ஒடம்புல நோயை எதிர்க்கிற காவல் தூங்கிடும். ஊசி மட்டும் போட்டா எழுந்துக்காது. எழுப்பிவிட கூட ஒரு மருந்து தர்றோம்."
எழுந்தது மறுபடி தூங்குமா? கேட்க மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 3
நேற்று முதல் ஊசி. குளிர் ஜுரம். தோலுக்கு அடியில் ஏதோ நடக்கிறது — வலி இல்லை. யாரோ ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிற மாதிரி.

அக்டோபர் 25
மூன்றாவது ஊசியும் ஆயிற்று. இடது புருவத்தில் ஒரு கொத்து வெள்ளை. நரை என்கிறார் இவர். நரை என்றால் அடியில் தோலும் ஏன் வெளுத்திருக்கிறது?

நவம்பர் 12
கன்னம், உதடு, கழுத்து. டாக்டரிடம் காட்டினேன். சந்தோஷப்படுகிறார்! "நிறம் குடுக்கற செல்லுலதான் உங்க கேன்சரே வந்தது. ஒடம்பு இப்ப அந்த இனத்தையே தேடித் தேடி அடிக்குது. நல்ல அறிகுறிம்மா."
"எங்க நிக்கும்?"
"அது தெரியாது."

நவம்பர் 30
இமை மயிரும் வெளுத்துவிட்டது.

டிசம்பர் 16
சாயங்காலம் கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் கதவருகே வந்து நின்று, "யாரும்மா அது? இன்னா வேணும்?" என்றார்.
இத்தனை வருஷம் ஒரே வீட்டில்!
"நான்தாங்க, கன்னிகா."
அவர் திரும்பி உள்ள பூட்டார். அப்புறம் சோறு துன்னும்போதும் என் முகத்தைப் பார்க்கலை. நான் இன்னா பண்ணேன்?

ஜனவரி 21
ஸ்கேன். கட்டி பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது. டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது பஸ் கண்ணாடியில் ஒரு வெளுத்த கிழவி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். புத்தூரில் இறங்கும் வரைக்கும்.

பிப்ரவரி 10
என் டீச்சர் பென்ஷனுக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவர பென்ஷன் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த மஞ்சு என்ற பெண் போனில் என் முகத்தைப் படம் பிடித்தாள். ரிக்கார்டோடு பொருந்தவில்லை. மறுபடியும் இல்லை. பழைய போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"போட்டோல இருக்கறது உங்க தங்கச்சியாம்மா?"
இவர்தான் எழுந்து வந்தார். என் தாடையைத் தொட்டு வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.
"இவதாம்மா கன்னிகா. என் பொண்டாட்டி. எனுக்குத் தெரியும்."
அந்தப் பெண் காகிதத்தை நீட்டினாள். அவர் சொன்னதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.