சூக்ஷிக்குக

ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி
புதன்கிழமை

கர்த்தருக்குள் அன்பான மகள் லிஜாவுக்கு,

உன் அப்பா எலியா எழுதுவது. நீயும் மருமகன் ஜிபினும் புனேயில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். வயிற்றிலிருக்கிற ஆளையும் கேட்டதாகச் சொல்லு. எழுத்து கோழி கிளறினது போல இருந்தால், ஒன்பதாம் வகுப்போடு நின்றதால் என்று நினைக்காதே. இது இடது கையால் எழுதுவது.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்கு இங்கே வராதே. எடுத்த டிக்கெட்டை ரத்து செய். போனில் சொன்னால் நான் விளையாடுகிறேன் என்று சிரிப்பாய். நம்பினாலோ அடுத்த வண்டி ஏறுவாய். இரண்டும் ஆகாது என்றுதான் கடிதம்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று போன வாரம் சொன்னது முழுப் பொய்யல்ல. வெள்ளை உடுப்புப் போட்ட ஏழு பேர் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

நடந்தது இது. ஓணம் கழிந்த வாரம், பூட்டிப்போன ஒரு கம்பெனியின் ஆக்ரி சாமான், உடைசல் இரும்பெல்லாம், பனச்சமூட்டில் நம் கடைக்கு வந்தது. அதற்குள் ஒரு பலாச்சக்கை அளவில் ஒரு இரும்புப் பெட்டி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒட்டியிருந்த மஞ்சள் தாளில் மூன்று இறக்கை போல ஒரு படம் பாதி உரிந்திருந்தது. கடையில் எனக்கு ஒத்தாசையாக நிற்கிற ஜெயன் பார்த்துவிட்டு, “அண்ணா, இது ஃபேனுக்க படமாக்கும், உள்ள மோட்டார் உண்டு” என்றான். அதன் கீழே பெயின்டால் மலையாளத்தில் ஒரே ஒரு வார்த்தை: சூக்ஷிக்குக.

அந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டாம். பத்திரமாக வைத்துக்கொள் என்பது ஒன்று. ஜாக்கிரதை, கிட்டே வராதே என்பது மற்றது. நாய் வளர்க்கிற வீட்டுக் கேட்டில் எல்லாம் அதே வார்த்தைதான் தொங்குகிறது. நாயைப் பீரோவில் வைத்துப் பூட்டு என்று அதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஜெயன், “விலையுள்ள சாதனமாக்கும், இல்லெங்கி சூக்ஷிக்கச் சொல்லி எழுதுவானா” என்று கேட்டபோது, இரண்டு பாஷையும் தெரிந்த பெரிய மனுஷன் நான் தலையாட்டினேன்.

உளி வைத்துத் திறந்தோம். உள்ளே ஈயம், அதற்குள் விரல்நுனி அளவு ஒரு குப்பி. உளி பட்டு அதன் ஓரம் கீறியிருந்தது. மணமில்லை, சூடில்லை. நான்தான் அதை விரலால் எடுத்துத் திரும்ப வைத்து மூடினேன். வீட்டிலேயே பத்திரமான இடம் எதுவென்று யோசித்து, ஜெயனும் நானுமாகப் பெட்டியைத் தூக்கி அங்கே கொண்டுபோய் வைத்தோம். உனக்கென்று ஒதுக்கிய மேற்கு அறையில், புதுக் கட்டிலின் அடியில்.

பிறகு மூன்று விரல் சிவந்து தோல் உரிந்தது. காரக்கோணம் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர்ப் பிள்ளை கையைப் பிடித்துப் பார்த்து, சுடுவெள்ளம் விழுந்ததா, எப்போது சுட்டது என்று மூன்று தடவை கேட்டது. சுடவேயில்லை என்றேன். அதன் பிறகு அது என் கையைத் தொடவில்லை.

மறுநாள் கதிர்வீச்சு இருக்கிறதா என்று பார்க்க வந்த அதிகாரிகளிடம் டிபன் பாக்ஸ் அளவு ஒரு மெஷின். ஒன்றுமில்லாத இடத்தில் எப்போதாவது ஒரு தட்டு தட்டும். உள்ள இடத்தில் காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டது போலப் பொரியும். என்னைக் கேட்டுக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு அதோடு உள்ளே போனார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது சொல்லிக்கொண்டே போனது. கிணற்றுக் கயிற்றில் நான் பிடிக்கிற இடம், கோழிக்கூட்டுக் கொண்டி, கதவில் நான் கை ஊன்றுகிற மூலை. வீட்டுக்குள் நான் இல்லை, மக்ளே. ஆனால் நான் அங்கே நடந்து திரிகிற சத்தம் எனக்குக் கேட்டது.

என் வேதப்புத்தகத்தை அவர்கள் வாசலில் கொண்டுவந்து விரித்துப் பிடித்தபோது ஆதியாகமத்தில் பொரிந்தது, யாத்திராகமம் பாதியோடு நின்றது. அங்கேயிருந்து வெளிப்படுத்தல்வரை சத்தமேயில்லை. போதகர் என் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது கூடத்தில் உன் அம்மா சத்தியபாயின் படம். கண்ணாடியின் கீழ் மூலையில், கட்டைவிரல் அகல இடத்தில், விடாமல் பொரிந்தது. அவள் போனபின் தினமும் நான் அங்கே தொடுவது உனக்குக்கூடத் தெரியாது. சத்தியபாயையும் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்துப்போனார்கள்.

எல்லாம் டிரம்மில் போனது. கயிறு, கோழிக்கூடு, நாற்காலி, செருப்பு, ஒரு முழ ஆழத்துக்கு முற்றத்து மண். சிமென்டில் அடைத்து, வெள்ளம் ஏறாத இடத்தில் தொட்டி கட்டி இறக்கி, முந்நூறு வருஷம் காவல் காக்க வேண்டுமாம். வார் அறுந்த என் செருப்புக்கு முந்நூறு வருஷக் காவல். என் பாட்டனுடைய கல்லறை எதுவென்று இன்று எனக்கே காட்டத் தெரியாது. டிரம்மில் என்ன எழுதுவீர்கள் என்று வந்தவர்களில் பெரிய அதிகாரி அம்மாவிடம் கேட்டேன். ஆபத்து என்று பல பாஷையிலும் எழுதுவோம் என்றார். அதுவரை அந்த வார்த்தைக்கு இதே அர்த்தம் இருக்குமா என்று கேட்டேன். அவர் என் கேள்வியையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இங்கே எனக்கு, உள்ளே போனதை வெளியே எடுக்க என்று, நீல மாத்திரை தருகிறார்கள். போவதும் நீலமாகத்தான் போகிறது. அதையும் டப்பாவில் அடைத்து எண் போட்டு எடுத்துப்போகிறார்கள். ஆக்ரிக்காரன் கடைசியில் தானே ஆக்ரியானான். காலையில் மெஷின் கட்டிலருகே வந்து நிற்கும். சத்தம் குறைகிறது என்கிறார்கள். ஜெயன் அடுத்த கட்டிலில்தான் இருந்தான். திங்கட்கிழமை, “அண்ணா, மோட்டார் இல்லெங்கிலும் நமக்குள்ள சத்தம் உண்டு பாத்தியா” என்று சிரித்தான். அன்று சாயங்காலம் வேறு அறைக்குக் கொண்டுபோனார்கள். எந்த அறை என்று கேட்டால் நர்ஸ் ஜீனா என் தலையணை உறையைச் சரிசெய்கிறாள்.

முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தானே என்று ஜிபினின் அம்மா முறுமுறுப்பார்கள். என் அப்பன் மடியன், பிள்ளைப்பேறு பார்க்கப் பயந்தவன் என்று சொல்லு; உடனே நம்புவார்கள். ஓணம் கழிந்த உடனே நீ வருவதாக இருந்தாய், ஜிபினுக்கு லீவு கிடைக்கவில்லை. அன்று அவன் கம்பெனியைத் திட்டினேன். இப்போது தினமும் அந்தக் கம்பெனிக்காக ஜெபிக்கிறேன்.

என்னைப் பார்க்கவென்றும் வராதே. நானே அங்கே வருவேன். வாசலில் நின்று எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்வேன். என் வாயை நம்பாதே. டாக்டர் கையெழுத்திட்ட காகிதம் கேள். அது இல்லாமல் நான் கை நீட்டினால் குழந்தையைத் தராதே, மக்ளே. உன்னைச் சிரிக்கவைப்பேன், கெஞ்சுவேன், ஒரே ஒரு தடவை போதும் என்பேன். தராதே.

ஆண்டவர் உனக்கு நல்ல பேறுகாலம் தரட்டும்.

உன் அப்பா,
எலியா