யாரைப் பற்றிக் கேட்டாலும்

8-8-1983, திங்கள்

வசந்தாமணி அக்காவிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அக்கா தபால் ஆபீஸ் சேமிப்பு ஏஜெண்ட். மாதாமாதம் வீடு வீடாகப் போய்ப் பணம் வாங்கி வருவது நான். எட்டாவதோடு நின்றவளுக்கு வேறென்ன கிடைக்கும்? "இவ வாயே தொறக்க மாட்டா, அதுக்குத்தான் வெச்சிருக்கறேன்" என்று அக்கா எல்லோரிடமும் சொல்கிறார்.

இன்று சௌந்திரம் அக்கா வீட்டுக்குத் தூக்குப்போசியோடு போனேன். பார்ப்பவர்களுக்கு நான் தயிர் வாங்க வருகிறவள். மகள் பூங்கொடியை டீச்சர் டிரெயினிங் சேர்க்க, பால் காசில் தனியாகப் போட்டு வருகிறார். "மாமனுக்குத் தெரிஞ்சா அதையும் வாங்கிக் கரைச்சுப்போடுவாரு கண்ணு."

அவர் வீட்டுக்காரர் அப்புசாமி மாமா ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரியில் டிரில்லர். மழைக்காலத்தில் வேலை நிற்பதால் வடக்கேயிருந்து வந்திருக்கிறார். அவரும் எங்களிடம்தான் போடுகிறார் — கூட்டாளியோடு சேர்ந்து சொந்த ரிக்கில் பங்கு வாங்க. "அவளுக்குத் தெரிய வேண்டாம்." வசந்தாமணி அக்கா இரண்டு பேருக்கும் "சரிங்க" என்றுவிட்டார். இரண்டு சரிங்கவும் என் வயிற்றுக்குள் கிடக்கின்றன.

19-8-1983, வெள்ளி

பஸ் ஸ்டாண்டில் மாமா பிடித்துக்கொண்டார். "ஏம்புள்ள, எங்கூட்டுக்காரி தனியா ஏதாச்சும் போடறாளா?"

தலையைக் குனிந்துகொண்டேன். செருப்பையே பார்த்தேன்.

"ஓஹோ, அப்படியா சங்கதி!" சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நான் எதுவும் சொல்லவில்லையே! சொல்லாததே சொன்னதாகிவிட்டதா?

20-8-1983

பூங்கொடி படிப்பு போச்சுன்னா என்னாலதான்.

21-8-1983, ஞாயிறு

வசந்தாமணி அக்காவிடம் சொன்னேன். "இல்லைன்னு சொல்லித் தொலைக்கறதுதான?" என்று திட்டினார். அது பொய். போடாதவளைப் பற்றி யாராவது கேட்டால் அப்போதும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எந்த இல்லையை நம்புவார்கள்? சௌந்திரம் அக்காவிடம் ஓடிப்போய், மாமா கேட்டார் என்று சொல்லட்டுமா? அவருக்கு எதுக்கு இப்பப் பணம் என்று கேட்பார். அப்புறம் ரிக்கு வரைக்கும் வந்துவிடும். அவர் ரகசியத்தை நானே சொன்ன மாதிரிதானே?

24-8-1983, புதன்

மாமா வசந்தாமணி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். "எவ்வளவு போட்டிருக்கறான்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை அவகிட்ட நாம் பேசிக்கறேன். கூட்டாளி அவசரப்படறான்."

அக்கா என்னைப் பார்த்தார். எங்கிருந்து பேச்சு வந்ததென்று இப்போதும் தெரியவில்லை.

"யாரைப் பத்தி யாரு கேட்டாலும் சொல்ல மாட்டனுங்க. இருந்தாலும் சொல்ல மாட்டேன், இல்லாட்டியும் சொல்ல மாட்டேன்."

"பின்ன அன்னைக்கு எதுக்குத் தலையக் குனிஞ்சே?"

"நான் எல்லாருக்கும் குனியறவதானுங்க மாமா."

"பால்காரன் மணி கேட்டாக்கூடக் குனிவாளுங்க" என்றார் அக்கா.

மாமா ஒரு அடி கிட்ட வந்தார். "அப்ப என்ர சமாச்சாரமும் அவளுக்குப் போகாதல்ல?"

"போகாதுங்க."

தலையாட்டிவிட்டுப் போனார். நம்பினாரா? தெரியவில்லை.

12-9-1983, திங்கள்

இன்று சௌந்திரம் அக்கா கேட்டுவிட்டார். "மாமன் வேற ஏதாச்சும் சேத்தி வெச்சிருக்கறாரா கண்ணு?"

மாமாவிடம் சொன்னதையே சொன்னேன். இவரிடம் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

"எங்கிட்டயேவா? எத்தனை நாள் உனக்குத் தயிர் ஊத்தியிருப்பேன்!"

பணத்தை மட்டும் கையில் வைத்தார். தூக்குப்போசி காலி.

10-10-1983

இன்றும் தயிர் இல்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. நான் செய்தது சரியா? வேலையை விட்டுவிடலாமா?

16-7-1984, திங்கள்

பூங்கொடி டிரெயினிங்கில் சேர்ந்துவிட்டாள். சௌந்திரம் அக்கா தானே வாய் திறந்து மாமாவிடம் சொன்னாராம். அவரும் ரிக்குக் கதையைச் சொன்னாராம். "ரெண்டு நாள் எங்கூட்டுல அடுப்பே பத்த வெக்கல போ!" அப்புறம் மாமாவே டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மகளை பஸ் ஏற்றியிருக்கிறார். ரிக்குப் பங்கு இந்த வருஷம் இல்லை.

இன்று போனபோது சௌந்திரம் அக்காவின் நாத்தனார் முத்தாயம்மாள் உட்கார்ந்திருந்தார். "இவகிட்டத் தைரியமாப் போடு. எனக்கே சொல்லாத களவாணி இவ" என்று சொல்லி, சௌந்திரம் அக்கா என் கையிலிருந்த தூக்குப்போசியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார்.

முத்தாயம்மாள் என் பக்கம் நகர்ந்து, "ஏஞ்சாமி, சௌந்திரம் எத்தனை போட்டிருந்தா?" என்றார் மெதுவாக.

தலையைக் குனிந்துகொண்டேன்.

உள்ளே தயிர் ஊற்றுகிற சத்தம் கேட்டது.