கீழ்வரிசை முன்பல்

மார்ச் 3

இன்றும் பல் தேய்த்துத் துப்பியதில் சிவப்பு. இதற்கு மேல் சாக்குச் சொல்ல முடியாது என்று பல் டாக்டரம்மாவிடம் போனேன். மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு ஆழம் பார்த்தார். ஈறு பல்லைவிட்டுக் கழன்று பை மாதிரி ஆகிவிட்டதாம். உள்ளே கிருமிகள் குடும்பம் நடத்துகின்றன. எலும்பும் கரைந்திருக்கிறது. கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடுகிறது. காப்பாற்றிப் பார்க்கலாம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

நாற்பத்தாறு வயதில் பொக்கையா? வீட்டில் இவரிடம் சொன்னேன். "ஆடுற பல்ல வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? புடுங்கிப் போட்டுட்டு வா" என்றார். மகராசன்.

மார்ச் 4

இவரிடம் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். கோபம் என்று நினைக்கிறார். வாய் நாறுகிறது என்று எப்படிச் சொல்வது? தையல் கடையில் தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்குக் கழுத்தளவு எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்கிறேன். எடுத்து முடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வருகிறது.

மார்ச் 10

மரத்துப்போக ஊசி. ஈறுக்கு அடியில் வேர்வரை சுரண்டிச் சுத்தம் செய்தார். வலியில்லை, சுரண்டுகிற சத்தம்தான் காதைவிட்டுப் போகவில்லை. வலப்பக்கம் முடிந்தது. தண்ணீர் குடித்தால் பாதி மடியில் ஊற்றுகிறது. கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா பார்த்துச் சிரித்தார். நானும் கோணலாகச் சிரித்துவைத்தேன்.

மார்ச் 17

இடப்பக்கமும் முன்பக்கமும். ஆழம் அதிகமான இடங்களில் மட்டும் ஈறுக்குள்ளேயே கிருமிக்கான மருந்தை வைத்தார், பசை மாதிரி. மாத்திரை என்றால் உடம்பெல்லாம் சுற்றும். இது இருந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியுமாம். "சுத்தம் பண்ணினதுதான் பெரிய வேலை. மருந்து அதுக்குத் துணை" என்றார். பத்து நாளைக்கு முன்பல்லால் எதையும் கடிக்கக் கூடாது, அங்கே குச்சி விட்டுக் குத்தக் கூடாது.

மார்ச் 19

கடித்துவிட்டேன்.

சாப்பாட்டை இல்லை, நூலை. பொத்தான் தைத்து, முடிச்சுப் போட்டு, வழக்கம்போல வாயில் வைத்து நறுக். கத்தரி மடியிலேயே கிடக்கிறது. நாக்கில் கசப்பு. மருந்து வந்துவிட்டதா? பல் முன்னைவிட ஆடுகிற மாதிரி — ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். நல்லது நடக்கும்போதே கெடுத்துக்கிறது, இதே பொழப்பாப் போச்சு எனக்கு.

மார்ச் 20

டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், தையல்காரர்கள் எல்லாருமே இப்படித்தானா என்று கேட்டார். மருந்து கொஞ்சம் வெளியே வந்திருந்தது, மறுபடி வைத்தார். என்னைக் கண்காணிக்கும் பொறுப்பைக் காஜா அக்காவிடம் விட்டிருக்கிறேன். நூல் என் வாய்ப்பக்கம் போனாலே தொண்டையைக் கனைக்கிறார். போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம்.

ஏப்ரல் 2

ரத்தம் இல்லை.

ஜூன் 18

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. வேண்டாம் என்றாலும் இவர் கூடவே வந்து வெளியே உட்கார்ந்தார். ஆழம் குறைந்திருக்கிறது. பின்னால் ஓரிடத்தில் மட்டும் மறுபடி சுத்தம் செய்ய வேண்டும். போன எலும்பு போனதுதான். பிறகு முன்பல்லைப் பிடித்து அசைத்தார்.

"நல்லாப் பிடிச்சிருச்சும்மா. இது இருக்கும்."

இன்னொரு தடவை அசைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அழுத முகத்தோடு வெளியே வந்ததும் இவர் பதறி எழுந்தார். புடுங்கிவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். தோளைப் பிடித்துக்கொண்டு, "போனாப் போகுது, விடு. உன் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?" என்றார்.

அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து காட்டினேன்.