எந்த வண்டியும் நுழையாது

8-5-1936, வெள்ளி

நாளை மாரியம்மன் பண்டிகைக்கு எங்கள் நெசவாளர் தெருவை அடைக்க முனிசிபாலிடி சம்மதித்துவிட்டது. படித்தவள் என்று மனுவை என்னை எழுதச் சொன்னார்கள். மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில், "விடிந்தது முதல் இரவு வரை எந்த வண்டியும் நுழையாது" என்று நானே உறுதி எழுதினேன். பக்கத்து வீட்டுச் செல்லம்மாளுக்கு மாதம் ஒன்பது என்பதை மறந்துபோனேன்.

இன்று சாயங்காலம் அவளுக்கு இடுப்பு வலித்து நின்றது. நாளை வலி வந்தால் ஒரு வண்டியை மட்டும் விடச் சொல்லி நாட்டாண்மைக்காரரிடம் ஓடினேன். "நீங்க எழுதுன காயிதமுங்க அம்மிணி. நாளைக்கு ஒரு வண்டி உள்ள வந்தாலும் அனுமதி போயிருமுங்க" என்றார்.

செல்லம்மாளோ சிரிக்கிறாள்: "வண்டி எதுக்குங்கக்கா? தெருவுல தறிக்குப் பாவு நூல் நீட்ற ஆளுங்க பத்துப் பேரு கட்டிலோட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க."

என் பாப்பா பிறந்தபோது வண்டி இருந்தும் ஆஸ்பத்திரி சேர நேரமாகிவிட்டது; பாப்பா தங்கவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

சுவருக்கு அப்பால் மறுபடி முனகுகிறாள். விடிந்தால்தான் பந்தல்கால் நட்டுத் தெருவை அடைப்பார்கள். இவரை எழுப்பி, இப்போதே வண்டி பூட்டச் சொல்கிறேன்.