எட்டாம் அத்தியாயத்துப் பொய்

வாலாஜாபாத்
3.2.2025

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

மகா எழுதிக்கொள்வது. தங்கையும் குழந்தையும் சுகம். போனில் பேசினால் குழந்தை விழித்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறது. அதனால்தான் கடிதம், தங்கை வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

என் நாவல் திரும்பி வந்துவிட்டது. "புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நம்புற மாதிரியே இல்லம்மா. பத்து நாள்ல மாத்திக் கொடுங்க, இல்லன்னா விட்டுடலாம்" என்கிறார் பதிப்பாசிரியர். நாலு வருஷம் எழுதியதுங்க! அழுதே விட்டேன். இதோடு எட்டாம் அத்தியாயத்தின் நகலை வைத்திருக்கிறேன். சமாதானம் வேண்டாம், நிஜத்தைச் சொல்லுங்கள்.

உங்கள்
மஹாலட்சுமி

காஞ்சிபுரம்
5.2.2025

அன்பு மகா,

படித்தேன். நெசவில் மனைவி செய்த தப்பைப் புருஷன் தன் தலையில் போட்டுக்கொண்டு முதலாளியிடம் திட்டு வாங்குகிறான். அவள் உருகி அவன் காலில் விழுகிறாள். அடிப்பாவி, நீயா இதை எழுதினாய்?

நமக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம் மறந்துவிட்டதா? தறியில் நான் சேலையின் உடலை நெய்ய, நீ பக்கத்தில் உட்கார்ந்து கரை போட்டாய். கரை ஓரிடத்தில் விட்டுப்போனது. பெரிய தியாகி மாதிரி கடை முதலாளியிடம் "என் தப்புங்க" என்றேன். நீ உருகினாயா? இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் நேராகக் கடைக்குப் போய், "கரை போட்டது நான்தாங்க. இவரு பொய் சொல்லிக்கினு இருக்காரு" என்றாய். என் மானம் கப்பலேறியது. வழியெல்லாம், "என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? என் தப்ப நான் சொல்லிக்க மாட்டனா?" என்று விட்டாயே ஒரு டோஸ்! அன்றைக்குத்தான் உன்னை ரொம்பப் பிடித்துப்போனது. இதுவரை சொன்னதில்லை.

நேற்று ரசம் வைத்தேன். எனக்கே இறங்கவில்லை.

உன்
உதயகுமார்

வாலாஜாபாத்
15.2.2025

என் பொய்க்காரருக்கு,

அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நான் விட்ட டோஸை அப்படியே எழுதி அனுப்பினேன். காலையில் பதிப்பாசிரியர் போனில் பேசினார். "இப்பதாம்மா ரெண்டு பேருக்கும் உயிர் வந்திருக்கு." புத்தகமாகப் போடுகிறார்களாம்! குழந்தை எழுந்தால் எழட்டும் என்று கத்தினேன். எழுந்துவிட்டது.

ஆனால் அதில் பாதி உங்கள் கதை. வீட்டில் கேட்டுவிட்டுத்தான் சம்மதம் சொல்வேன் என்றிருக்கிறேன். வேண்டாமென்றால் வேறு எழுதிக்கொள்கிறேன், கோபமில்லை.

உங்கள்
மகா

காஞ்சிபுரம்
16.2.2025

அன்பு மகா,

தாராளமாகக் கொடு. ஒன்றே ஒன்று. கதையில் அந்தப் புருஷனுக்கு முனிசாமி என்று பெயர் வைத்திருக்கிறாய். அவன் என்ன பாவம் செய்தான்? எடுத்துவிட்டு உதயகுமார் என்றே போடு. முதலாளியும் படிக்கட்டும்.

என் தப்பை நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்
உதயகுமார்