அழைப்பது எந்த இழை

நிலவு, தென்முனைக் குடில். காலை 09:10
காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. சூரியத் தகடுகளைத் துடைக்கப் போன பொறியாளர் கிளாட்வின் திரும்பிவிட்டார். வெளிக்கதவை மூடிக்கொண்டு இடையறையில் நிற்கிறார். பூமியில் நிரலாக்கம் கற்பிக்கும் நான் உள்ளே, கணினி முன். அங்கே காற்று நிரம்பியதும் உள்கதவு திறக்கும்.

09:25
திறக்கவில்லை. பாதிக் காற்றோடு பம்பு நின்றுவிட்டது. கணினியில் கதவுக்கு ஓர் இழை (thread), காற்றுக்கு ஓர் இழை. இரண்டும் தனித்தனியே ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் நிரலில் ஒரு பூட்டு; அதைப் பிடித்த இழைக்கே இயக்க அனுமதி. கதவு இழை தன் பூட்டைப் பிடித்துக்கொண்டு, காற்றின் பூட்டுக்குக் காத்திருக்கிறது. காற்று இழை தன் பூட்டோடு கதவின் பூட்டுக்கு. ரேடியோவில் அவருக்கு விளக்கினேன்.

"பந்தியில ரெண்டு சம்பந்தியும் 'நீங்க மொதல்ல உக்காருங்க'ன்னு நின்ன கதையால்லா இருக்கு மேடம். இலை காஞ்சிரும்."

09:40
அவர் உடையில் ஆக்சிஜன் அரை மணிக்குத்தான். கணினியை அணைத்துப் போட்டால் சரியாகும்; ஆனால் அதன் முதன்மை சுவிட்ச் வெளிச்சுவரில். வெளிக்கதவுக்கும் அதே பூட்டுதான். பூமித் தொடர்பும் அதே கணினி வழியாகத்தான்.

காற்று இழையை நிறுத்தினால் அதன் பூட்டு விடுபடும், உள்கதவு திறக்கும். பிறகு குடிலுக்கே காற்று ஓடாது. ஆகவே கதவு இழையிடம் ஒரு டெலிகேட்டை, அதாவது பிறகு அழைத்து ஓட்ட வேண்டிய ஒரு துண்டு நிரலை, ஒப்படைத்திருக்கிறேன்: திறந்து முடித்ததும் காற்றைத் தொடங்கு. மூன்று முறை படித்தேன். நான் எழுதிய நிரலையும் நான் நம்புவதில்லை.

"படிச்சது போதும் மேடம். தலை சுத்துது."

09:58
கதவு திறந்தது. கிளாட்வின் உள்ளே வந்து விழுந்தார். உயிரோடு இருக்கிறார்.

"பந்திக்கு வந்தாச்சு. சோத்தப் போடுங்க."

பம்பின் ஓசைக்காகக் காத்திருக்கிறோம்.

10:06
ஓசை இல்லை. திரை உறைந்துவிட்டது. இதைக் கைக்கருவியில் எழுதுகிறேன்.

டெலிகேட் தன்னை அழைக்கும் இழையிலேயே ஓடும். கதவு இழை காற்றைத் தொடங்கிவிட்டு, பதில் வரும்வரை நிற்கிறது, பூட்டைக் கையில் பிடித்தபடி. புதிய காற்று இழை முதலில் கேட்பது அந்தப் பூட்டைத்தான்.

வகுப்பில் மாணவர்களின் நிரலைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி: இதை அழைப்பது எந்த இழை? இன்று கேட்கவில்லை.

பிற்பகல்
கிளாட்வின் வெளிக்கதவைக் கம்பியால் நெம்பினார். அசையவில்லை.

"முத்துக் குளிச்ச குடும்பம் மேடம். மூச்சப் புடிச்சே சுவிட்சத் தட்டிட்டு வந்திருவேன். இந்தக் கதவுதான் விடமாட்டேங்கு."

பிறகு சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார்.

நேரம் தெரியவில்லை
கண்டெடுப்பவருக்கு. டெலிகேட்டில் அந்த ஒரு வரியை மாற்றுங்கள். காற்றைத் தனி இழையில் தொடங்குங்கள். பதிலுக்கு நிற்க வேண்டாம்.

கிளாட்வினை எழுப்பிப் பார்த்தேன்.

அதற்கு முன் பூட்டை விட வேண்டும். முதலில் பூட்டை