இரண்டு பேருக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறை

என் குஞ்சுத் தம்பி நிரூவுக்கு,

நீ செத்துப்போன ஊரில் தங்குவதற்கு அக்கா அறை தேடினேன். இப்படி ஒரு வசனத்தை உனக்கு எழுத வேண்டி வரும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. தாய்லாந்தின் வடக்கில், மீகொங் ஆற்றங்கரையில், சியாங் கொங் என்ற சின்ன ஊர். கண்டாவளையில் இருக்கிற எனக்கு அந்தப் பெயர் வாயில் வரவே ஒரு கிழமை எடுத்தது. அம்மா இன்னும் "அந்த ஊர்" என்றுதான் சொல்கிறார்.

கிளிநொச்சியில் பாமசி வேலை முடிந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில்தான் தேடுவேன். மலிவான விடுதிகள் என்று போட்டால் படங்கள் வந்துகொண்டே இருக்கும். போய் வந்தவர்கள் கருத்தும் எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல அமைதியான ஊர், செய்வதற்கு ஒன்றுமில்லை, இரண்டு நாள் போதும் என்கிறார் ஒருவர். இன்னொருவருக்குச் சேவல் கூவி நித்திரை கெட்டுப்போனதாம். ஒரு பெண்ணுக்குத் தலையணை பிடிக்கவில்லை. அறையைப் பதிய முன்னர் ஒரு கேள்வியும் வரும். வேலைக்காகப் போகிறீர்களா, விடுமுறைக்கா? இந்த இரண்டில் எதை நான் அமத்துவது, நிரூ?

நீ அனுப்பிய கடைசிப் படம் என்னிடம் இருக்கிறது. ஒரு கட்டில், நீலத்தில் வெள்ளைப் பூப் போட்ட போர்வை, யன்னல் கம்பிகளுக்கு வெளியே மண் நிறத்தில் ஆறு. கூடவே உன் குரல். "அக்கா, வேலை மாறிட்டன். இப்ப ஒரு ஹோட்டல்ல நிக்கிறன். நல்ல அமைதியான இடம். அம்மாட்டச் சொல்லு, ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம் எண்டு." அதை அம்மாவுக்கு மூன்று தரம் போட்டுக் காட்டினேன். அம்மா சிரித்தார். உன் குரல் ஏன் அவ்வளவு மெலிந்திருந்தது என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் ஆட்கள் படுத்திருக்கிறார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் கொழும்பிலிருந்து ஓர் அலுவலகத்து ஆள் அழைத்து, நீ ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டதாகச் சொன்னார்.

பாங்கொக்கில் கணினி வேலை என்று முகநூலில் பார்த்துத்தான் நீ போனாய். அங்கே உனக்கு உண்மையில் என்ன நடந்தது என்று எங்களுக்கு ஒருவரும் எழுதித் தரவில்லை. உன்னோடு தப்பி வந்த வவுனியாப் பிள்ளை ரிஸ்வான் சொல்லித்தான் தெரியும். அவனைப் பொலிஸ் பிடித்து, சில மாதம் வைத்திருந்து, திருப்பி அனுப்பியிருக்கிறது. வந்த அடுத்த கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டான். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை. வாசற்படியில் குந்தியிருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பாங்கொக்கில இறங்கின உடனே வான்ல ஏத்தினவங்கள் அக்கா. ஆத்தைத் தாண்டின பிறகுதான் இது வேற நாடு எண்டே எங்களுக்குத் தெரியும். உயரமான மதில், வாசல்ல துவக்கோட ஆக்கள். போனையும் பாஸ்போட்டையும் பறிச்சுப் போட்டாங்கள்."

பெண்பிள்ளைகள் எழுதுவது போல எழுதி, தனியே இருக்கிற வெளிநாட்டு வயதானவர்களை மயக்கி, அவர்களுடைய சேமிப்பை வாங்குவதுதான் உங்களுக்குத் தந்த வேலையாம்.

"நிரூவும் செய்தவனோ?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன்.

"எல்லாரும் செய்தனாங்கள் அக்கா. செய்யாட்டி அடி. அவனும் அஞ்சாறு பேரை ஏமாத்தினவன். கடைசியா ஒரு கிழவர். மனிசி செத்துத் தனிய இருக்கிறவர். அவருக்கு இவன், அனுப்பாதேங்கோ, இது கள்ள வேலை எண்டு எழுதிப்போட்டான். அதைக் கண்டுபிடிச்சிட்டாங்கள். அதுக்குத்தான் அந்த அடி."

அந்தக் கிழவர் இப்போது எங்கே இருக்கிறாரோ. ஒரு பெண்பிள்ளையின் பெயரில் வந்த அந்த எச்சரிக்கையை எழுதினது கண்டாவளைப் பெடியன் ஒருவன் என்று அவருக்கு எப்போதாவது தெரிய வருமா?

அடிபட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு, ரிஸ்வான் ஒளித்து வைத்திருந்த போனோடு, மீன்பிடிக்கிற ஒருவரின் வள்ளத்தில் ஆற்றைத் தாண்டியிருக்கிறீர்கள். உனக்கு அப்போதே காய்ச்சல். ஒரு விடுதியில் இரண்டு நாள் கிடந்தீர்கள். பிறகு நீங்களாகவே வெளிக்கிட்டு, பஸ் நிலையத்தில் நீ விழுந்தாயாம். அங்கிருந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டதென்று கடதாசி சொல்கிறது.

அந்த விடுதியின் பெயரை ரிஸ்வானிடம் கேட்டேன். "தாய்லாந்து எழுத்து அக்கா, வாசிக்கத் தெரியாது" என்றான்.

அதனால்தான் நான் ஒவ்வொரு விடுதியாகப் படம் பார்க்கத் தொடங்கினேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் செய்தி வந்த அன்று அம்மா அழவில்லை. உன்னை அங்கேயே எரித்துவிட்டார்கள் என்று நான் சொன்ன அன்றும் அழவில்லை. "சாம்பலைக் காட்டு. காட்டாமல் என்ர பிள்ளைக்கு நான் அந்தியேட்டிக் கிரியை செய்ய மாட்டன்" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்விட்டார். யுத்தம் முடிந்த கிழமை ஆமியிடம் சரணடைந்து எங்கள் கண்முன்னால் பஸ்ஸில் ஏறிப் போன அப்பாவுக்கு இன்றைக்கும் மரணச் சான்றிதழ் இல்லை, திவசம் இல்லை. அவருடைய படத்தை நெஞ்சில் பிடித்தபடி அம்மா எத்தனை வருடம், காணாமல் போனவர்களைத் தேடுகிற சனத்தோடு றோட்டோரப் போராட்டக் கொட்டகையில் இருந்தார் என்று உனக்குத் தெரியும். "இன்னொருத்தனுக்காகவும் அங்க போய் இருக்க என்னால ஏலாது பிள்ளை" என்று பிறகொரு நாள் சொன்னார்.

அம்மாவுக்கு நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன். எங்களைக் கேட்காமலே அவர்கள் உன்னை எரித்துவிட்டார்கள் என்று. அப்படி இல்லை. கொழும்பு அலுவலகம் எனக்கு ஒரு படிவம் அனுப்பியது. உடலை அங்கேயே தகனம் செய்யச் சம்மதம் என்று அதில் இருந்தது. உன்னை முழுசாகக் கொண்டுவருகிற செலவு எங்களால் ஏலாது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. பாமசியில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டேன். இருமல் பாணி கேட்டு ஒருவர் வந்து நின்றார். அவருக்கு எடுத்துக் கொடுத்து, சாப்பாட்டுக்குப் பிறகு குடியுங்கோ என்று சொல்லிவிட்டுப் போட்டேன்.

படம் பார்க்கத் தொடங்கி மூன்றாம் மாதம் அந்தப் போர்வையைக் கண்டேன். நீலத்தில் வெள்ளைப் பூ. அதே யன்னல் கம்பி, அதே ஆறு. பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. நான் ஏறவில்லை.

விடுதிக்காரப் பெண்ணுக்கு அன்றைக்கே எழுதினேன். நான் யார் என்பதையும் உன் படத்தையும் அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், போனிலேயே மொழிபெயர்த்த தமிழில் வந்தது. "நான் அந்த இளைஞனை நினைவில் வைத்திருக்கிறேன். கடவுச்சீட்டு இல்லை. பொலிஸ் வந்தால் என் விடுதியை மூடும். இரண்டாம் நாள் காலை அவர்களைப் போகச் சொன்னேன். அவர் நடக்க முடியவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்."

ரிஸ்வானுக்குப் போன் எடுத்து, "நீங்களாத்தானே வெளிக்கிட்டனீங்கள் எண்டு சொன்னனி?" என்று கத்தினேன்.

"அவா கஞ்சியும் வைச்சுத் தந்தவா அக்கா" என்றான். "அவன்ர காலைச் சுடுதண்ணியில துடைச்சும் விட்டவா. அதையும் சொல்லி இதையும் எப்பிடி அக்கா நான் சொல்லுறது?"

அந்தப் பெண்ணுக்கு நான் பதில் எழுதவில்லை. அதே தெருவில் வேறொரு விடுதியைத் தெரிவு செய்தேன். ஒரு ஆளுக்கு, மூன்று இரவு. பதிவதற்கு முன் அம்மாவிடம் சொல்ல வேண்டுமே என்று குசினிக்குப் போனேன். அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். விடுதிக்காரி எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். "அவளின்ர வாசலை நான் மிதிக்க மாட்டன் அம்மா" என்றேன்.

அம்மா திருவுவதை நிறுத்தினார்.

"யுத்தத்தின்ர கடைசி நேரம் பங்கருக்குள்ள இருக்கேக்க, ஒருத்தி கைக்குழந்தையோட வந்து கேட்டவள். உனக்கு ஞாபகம் இருக்கோ?"

"இல்லை அம்மா."

"நீயும் தம்பியும் என்ர மடிக்குள்ள முகத்தை வைச்சுக்கொண்டு கிடந்தனீங்கள். இடமில்லை எண்டு நான்தான் அவளுக்குச் சொன்னனான்." அம்மா கையிலிருந்த தேங்காய்ப் பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இடம் இருந்தது பிள்ளை. நெருக்கினால் இருந்தது."

"பிறகு?"

"பிறகென்ன. செல் வந்து விழுந்து வெடிச்சது. நான் வெளிய வந்து பாக்கேல்ல."

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. இருவரும் எழும்பவில்லை.

"அவளிட்டயே அறையை எடு" என்றார் அம்மா. "அவள் உனக்குச் சொல்லாமலும் விட்டிருக்கலாம். நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை."

அதற்குப் பிறகு எனக்கும் மறைக்க முடியவில்லை. "அம்மா, தம்பியை அவையள் கேக்காமல் எரிக்கேல்ல. நான்தான் கையெழுத்துப் போட்டனான்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லது.

"தனியவோ போட்டனி?"

"ஓம்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்."

இரண்டு நாள் அம்மா என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். உன்னிடம் பொய் சொல்லி என்ன, நிரூ, அந்த இரண்டு நாளும் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. என்னை ஏன் இதற்குள் தனியே விட்டாய்? அந்த விடுதியிலிருந்து நீ உண்மையைச் சொல்லியிருந்தால், எங்களால் ஒன்றும் ஏலாமல் போயிருந்தாலும், உன்னோடு போனில் அழவாவது அழுதிருப்போமே?

மூன்றாம் நாள் காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும்போது அம்மா படலை வரைக்கும் வந்தார். "எனக்கும் சேர்த்து எடு. கீழ அறையா எடு. என்னால படி ஏற ஏலாது."

பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கமராவுக்கு முன்னால் இருத்தியதும் அம்மாவின் இரண்டு கையும் தன்பாட்டில் நெஞ்சுக்கு நேரே உயர்ந்து, எதையோ பிடிக்கிற மாதிரி நின்றது. "அம்மா, கையைக் கீழ விடுங்கோ" என்றார் ஸ்ரூடியோக்காரர். அம்மா விட்டார். அவர் கமராவைச் சரிசெய்து நிமிர்வதற்குள் கைகள் திரும்பவும் மேலே வந்துவிட்டன. கடைசியில் நான் கிட்டப் போய்க் குந்தியிருந்து, படத்தில் விழாமல், அம்மாவின் கையை மடியோடு பிடித்துக்கொண்டேன். அப்படித்தான் அந்தப் படம் எடுபட்டது.

பாஸ்போட் வந்துவிட்டது. விடுதியையும் பதிந்துவிட்டேன். இரண்டு பேர், மூன்று இரவு, கீழ்த்தளம். "படிகள் இல்லை" என்று விடுதிக்காரி எழுதினார். நீ படுத்திருந்தது மேலே நான்காம் இலக்க அறையாம். பார்க்க விருப்பமா என்று கேட்டார். நான் மட்டும் ஏறிப் பார்ப்பேன் என்று எழுதினேன். மன்னிப்பைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேரில் கண்டால் எனக்கு என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அம்மாவோ, அங்கே சோறு என்ன மாதிரியோ என்று குத்தரிசியும் மிளகாய்த்தூளும் கட்டுகிறார். விமானத்தில் விடுவார்களோ என்று கேட்டால், "கேட்டுப் பாப்பம்" என்கிறார்.

உன் சாம்பலைக் கீரிமலைக் கடலில்தான் கரைக்கப் போகிறோம். முல்லைத்தீவு கிட்டத்தானே என்று கேட்டேன். "அந்தக் கடல் வேண்டாம். அதுக்குள்ள ஏற்கெனவே கனபேர்" என்றார் அம்மா.

போன கிழமை விடுதிக்காரி உன் சாம்பல் இருக்கிற விகாரைக்குப் போய், அதைக் காட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஒரு படம் அனுப்பினார். தட்டில் வரிசையாகச் சின்னச் சாடிகள். உன்னுடையதில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருக்கிறது, இலக்கமும் தாய்லாந்து எழுத்தில் ஒரு பெயருமாக. அதை வாசித்தால் "நிலுபான்" என்று வருமாம். சரியாக எப்படிச் சொல்வது என்று கேட்டார். நான் எழுதுவதற்குள் அம்மா போனை வாங்கி, வாய்க்குக் கிட்டப் பிடித்து, "நிரூபன்" என்றார். செய்தி வந்த நாளிலிருந்து அம்மா உன் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லி முடித்துவிட்டு, நிலத்தில் இருந்து, செத்தவீட்டில் அழுகிற மாதிரி அழத் தொடங்கினார். பக்கத்து வீட்டுச் சனம் ஓடி வந்தது. எட்டு மாதம் பிந்தி வந்த அழுகை, நிரூ. நான் தடுக்கவில்லை.

அடுத்த மாதம் வாறோம். அந்தச் சாடியில் இருக்கிற துண்டைக் கிழித்துவிட்டு, உன் பெயரைத் தமிழில் என் கையாலேயே எழுதி ஒட்டுவேன். அம்மா அதை வாசித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் உன்னைத் தூக்குவோம்.

உன்னோடு கூடப் பிறந்த ஒரே ஆள்,
உன் மலர் அக்கா